சிப்பித் தொட்டிப் பதிவேடு

தூத்துக்குடி மில்லர்புரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அடுக்களைக்குப் பூட்டுப் போட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான். கையளவு பித்தளைப் பூட்டு. சாவி மைனியின் இடுப்பில், சேலைச் செருகலுக்குள் இருக்கும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். மைனி நடக்கும்போது சாவி வெளியே தெரியாது; ஆனால் அது அங்கே இருப்பது தெரு முழுக்கத் தெரியும். தண்ணீர்க் குழாயடியில், ஆலயத்தில் பெண்கள் பக்கத்தில், ரேஷன் கடை வரிசையில், எங்கும் அந்தப் பூட்டைப் பற்றிப் பேச்சு நடந்தது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாமல் பூட்டி வைக்கிறவள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். நான் அதே வீட்டில் இருந்த நாத்தனார். முதல் ஆளாக மறுத்திருக்க வேண்டியவள். மறுக்கவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் முற்பாதி அது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பழைய துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் குறிப்பெழுதும் குமாஸ்தா. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை, கல்யாணம் ஆகாதவள், வாய் கொஞ்சம் நீளம். அப்பா அம்மா போன பிறகு அண்ணன்தான் எனக்கு எல்லாம். மைனி எங்கள் ஜில்லாவிலேயே நாசரேத் என்ற ஊர்க்காரர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பு கடற்கரையில் முத்துச்சிப்பி வளர்த்து ஆராய்ச்சி செய்த ஒரு கொட்டகையில் வேலை பார்த்தவர். சிமெண்டுத் தொட்டிகளில் கடல் தண்ணீர் விட்டுச் சிப்பிகளைப் போட்டிருப்பார்கள். மைனியின் வேலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தொட்டி தொட்டியாகப் போய்ப் பார்த்து எழுதுவது. மணி என்ன, தண்ணீர் எவ்வளவு சூடு, சிப்பி திறந்திருந்ததா மூடியிருந்ததா, அதற்கு முன்னால் என்ன நடந்தது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. இதுதான் அங்கே சட்டம். கல்யாணத்துக்காக வேலையை விட்டபோது அதிகாரி பரிசாக இரண்டு வெற்றுப் பதிவேடுகளைக் கொடுத்து அனுப்பினாராம். வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்திருந்தால்கூட மைனி அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

அண்ணன் மகள் பாப்பா பிறந்தபோது துவண்டு கிடந்தாள். தூக்கினால் ஈரத் துணியைத் தூக்குவதுபோல இருக்கும். அழக்கூடத் தெம்பில்லை. பால் குடிக்க வாய் இழுக்காது. மைனி பாலைப் பீய்ச்சி, பஞ்சில் நனைத்து, சொட்டுச் சொட்டாக இறக்குவார். பார்க்க வந்தவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். அப்படிக் கிடந்த பிள்ளை மூன்று வயதில் திடீரென்று சாப்பிட ஆரம்பித்தது. வீட்டில் திருவிழாதான். அண்ணன் தினமும் ஏதாவது தின்பண்டத்தோடு வருவார். கடை அண்ணாச்சி வழியில் பார்த்தால் பொரிகடலையை அள்ளிக் கொடுப்பார். பிள்ளை தேறிவிட்டது என்று ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம்.

சந்தோஷப்படாதவர் மைனி ஒருவர்தான். நன்றாகத் தின்கிற பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கிற தாயை நான் அதுவரை கண்டதில்லை. போகப் போகப் பாப்பா பச்சரிசியை அள்ளித் தின்றாள். நாய்க்கு வைத்த கஞ்சியைக் குடித்தாள். என் பள்ளியில் படம் ஒட்டக் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையை வழித்துத் தின்றாள். அடுத்த வீட்டு அடுப்படியில் நுழைந்து குழம்புச் சட்டியோடு பிடிபட்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரிக்கக்கூடச் சொன்னார்கள். திருட்டுக்கை என்று ஒருத்தி பாப்பாவின் விரலில் சூடு வைத்தாள். பிள்ளை கையை உதறிவிட்டுச் சட்டியைத்தான் பார்த்ததாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அடுக்களைக்குப் பூட்டு வந்தது. மறுநாள் மைனி அந்தப் பதிவேடுகளில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, முதல் வரியாக அந்தச் சூட்டை எழுதினார்.

சிப்பிக்குப் போட்ட அதே பத்திகளைப் பிள்ளைக்கும் போட்டார். மணி என்ன, பாப்பா என்ன செய்தாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. எனக்கு அது மகா அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சாமல் தொட்டிக்குள் போட்டுப் பார்க்கிறாரே என்று பொருமுவேன். ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"அவ உங்க பிள்ளையா, சிப்பியா மைனி?"

மைனி பேனாவை வைக்காமலே, எங்கள் பக்கத்தில் பெண்களைக் கூப்பிடும் ‘ளா’ போட்டுப் பதில் சொன்னார். "சிப்பிக்கும் வாய் கிடையாது ளா. இவளுக்கும் என்ன செய்யுதுன்னு சொல்லத் தெரியல. எழுதித்தான் கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்கவும் செய்தார். சாப்பாட்டு நேரம் நிலையாக இருந்தால் பாப்பா அமைதியாக இருக்கிறாள். அரைமணி தள்ளிப்போனால் கையைத் தோல் உரியும்வரை பிறாண்டுகிறாள். "பன்னெண்டரை ஆயிட்டா?" என்று ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிறாள், கடிகாரத்தைக் காட்டி ஒரே பதிலை ஒரே குரலில் சொன்னால் நிறுத்துகிறாள். விழுந்து முட்டி கிழிந்தாலும் அழுவதில்லை. கெட்டுப்போனதைத் தின்றாலும் வாந்தி எடுத்ததே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாது; ஆனால் அண்ணன் கொண்டுவரும் கப்பல் கம்பெனிக் காலண்டரை அட்டையில் ஒட்டி அறுபது துண்டாக வெட்டிக் கொடுத்தால், படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெறும் அட்டைப் பக்கத்தைப் பார்த்தே சேர்த்துவிடுவாள். நான் பயிற்சிப் பள்ளியில் படித்த எந்த மனோதத்துவமும் இதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் மைனி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் நிற்க வைத்து எடை பார்த்து எழுதுவார். தராசுக்காரர் சிரிப்பார். மைனி சிரிக்க மாட்டார். எடை ஏறினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும் என்பதும் அந்தப் பதிவேட்டில் எழுதியிருந்தது.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு எட்டு வயது நடந்தபோது மைனி சோற்றை இரண்டு கரண்டியாக வைத்திருந்தார். காய்கறிதான் நிறைய. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளி விட்டு வரும்போது பேக்கரியில் மக்ரூன் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். முந்திரி மாவில் செய்த, வாயில் வைத்தால் கரைகிற அந்தத் தூத்துக்குடி மக்ரூன்தான். மைனி கொல்லையில் துணி எடுக்கிற நேரம் பார்த்து இரண்டு கொடுப்பேன். சில நாள் மூன்று. கூட ஒரு பன்னும் உண்டு. பாப்பா மெல்லாமல் விழுங்கிவிட்டு என் கையை முகர்ந்து பார்ப்பாள். "அத்த நல்ல அத்த" என்பாள். அந்தச் சொல்லுக்காகவே கொடுத்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது இரக்கத்தால் கொடுப்பதாக நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் இது நடந்தது.

அந்த ஆறு மாதத்தில் மைனி பாப்பாவின் சோற்றை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரையாக்கினார். பிறகு ஒன்றாக்கினார். ஒவ்வொரு தடவை குறைத்த அன்றும் கொல்லையில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்வார். முகத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். கல்நெஞ்சுக்காரிக்குக் கண்ணீர் வேறா என்று நான் நினைத்தேன். ஏன் குறைக்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

பிறகு ஆலயத்தில் அசனம் வந்தது. எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே கூடிப் பொங்கி, வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அசனம் என்று பெயர். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அன்றைக்கு யாருக்கும் போதும் என்று சொல்வது வழக்கமில்லை. இலையில் வைத்ததை வேண்டாம் என்பது ஆண்டவர் வைத்ததை வேண்டாம் என்பது மாதிரி. மைனிக்கு அன்று காய்ச்சல். வீட்டில் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு கரண்டி சோறு, ஒரு துண்டு கறி. அதுக்கு மேல யாரு வச்சாலும் எலைய மடக்கிரு. மறந்துராத ளா."

தலையாட்டிவிட்டுப் போனேன். முதல் பந்தியில் ஒரு கரண்டிதான் வைக்கச் சொன்னேன். உபதேசியார் சத்தம் போட்டுச் சிரித்தார். சபைக் காரியம் எல்லாம் அவர்தான் பார்ப்பார்; நல்ல மனுஷர். "அசனத்துல கணக்கு உண்டுமா டீச்சர்? பிள்ள நல்லாச் சாப்பிடுதா, வைங்கடே" என்றார். வாளியோடு வந்தவர்கள் பிரியத்தோடு கொட்டினார்கள். நான் இலையை மடக்கவில்லை. ஆண்டவர் சோற்றில் ஆபத்து வருமா என்று ஒரு நினைப்பு. பூட்டுக்காரியை ஒரு நாளாவது ஜெயித்தோம் என்று இன்னொரு நினைப்பு. பாப்பா அடுத்த பந்தியிலும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த பந்தியிலும் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி நின்று, கன்னத்தைத் தடவி, "தின்னு ராசாத்தி" என்று ஊட்டினார்கள். ஒருத்தரிடமும் கெட்ட எண்ணம் இல்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பாப்பா ஒன்றும் சொல்லாமல் பாயில் சாய்ந்தாள். வயிறு புடைத்து மின்னியது. மைனி காய்ச்சலோடு எழுந்து வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது.

"எத்தனை பந்தி?" என்று என்னைக் கேட்டார்.

"மூணு" என்றேன்.

அண்ணன் சமாதானமாகப் பேசினார். "பிள்ள அழவே இல்லையே ளா. ஓமத் தண்ணி குடுத்துப் பாப்பமே."

"அழலேங்கதுதான் எனக்குப் பயமாருக்கு" என்றார் மைனி. "வேற பிள்ளைன்னா இந்நேரம் வாந்தி எடுத்திருக்கும், வலின்னு கத்தியிருக்கும். இவளுக்கு ரெண்டும் கிடையாது. வண்டி கூப்பிடுங்க."

ஒரு கையில் பாப்பாவையும் இன்னொரு கையில் பதிவேட்டையும் பிடித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், விருந்து வயிறு என்று சொல்லி மருந்துத் தண்ணீர் எழுதப் போனார். மைனி அந்த மேஜையில் பதிவேட்டை விரித்து வைத்தார். கதவிடுக்கில் விரல் நசுங்கியும் அழாத நாள், ஊசிப்போன மீனைத் தின்றும் வாந்தி வராத நாள், விரலில் சூடு பட்டும் திரும்பிப் பார்க்காத நாள் என்று தேதியோடு ஒவ்வொன்றாகக் காட்டினார். கெஞ்சவுமில்லை, சத்தம் போடவுமில்லை. டாக்டர் நான்கு பக்கம் வாசித்தார். ஐந்தாவது பக்கத்தில் எழுந்து பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருந்ததை இறக்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இரைப்பை கிழிந்திருக்கும் என்று பெரிய டாக்டர் அண்ணனிடம் சொன்னார். நான் வராந்தாச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். மக்ரூன் வாங்குவதை அன்றோடு விட்டேன்; ஆனால் அந்த விஷயத்தை அன்றும் சொல்லவில்லை. ஒரு குற்றத்துக்கே தலை நிமிர முடியாதவள் இரண்டாவதை எப்படி எடுத்து வைப்பேன்?

அந்தப் பதிவேட்டைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து மதராசுக்குக் கடிதம் போனது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஆராய்கிற ஒரு டாக்டர் சில வாரம் கழித்து ரயிலேறி வந்து, எங்கள் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, முழுப் பதிவேட்டையும் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. இந்த மாதிரிப் பிள்ளைகள் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள் என்றார். பிறக்கும்போது துவண்டு கிடந்து, பிறகு அடங்காத பசி வந்து, தோலைப் பிறாண்டி, ஒரே கேள்வியைக் கேட்டு, துண்டுப் படத்தைச் சட்டென்று சேர்க்கிற பிள்ளைகள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கிறார்கள். கருவிலேயே ஏதோ ஒரு குறை விழுகிறது, எது என்று இன்னும் பிடிபடவில்லை, போதும் என்று வயிறு சொல்வது இவர்கள் மூளைக்குக் கேட்பதில்லை என்றார்.

மைனி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்போ எம்பிள்ள திருடி இல்ல சார்" என்றார்.

"இல்லம்மா. நீங்க வளர்த்ததுல தப்பும் இல்ல."

இன்றைக்கு ரத்தத்தைச் சோதித்து இதற்குப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பூட்டும் புரிகிறது. பெயர் இல்லாத காலத்தில், தெரு முழுக்கக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல, கூட இருந்த நாத்தனாரும் முறைக்க, ஒரு பெண் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி எழுதிக்கொண்டே இருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அந்தப் பதிவேட்டின் பலத்தில் பாப்பா நாற்பது வயதைத் தாண்டி இருந்தாள். மைனி போன பிறகு அவளை நான் வைத்துக்கொண்டேன். போன வருஷம் அவளும் போய்விட்டாள். இப்போது எங்கள் வீட்டில் அடுக்களை திறந்தே கிடக்கிறது, எனக்குத்தான் உள்ளே போகப் பிடிக்கவில்லை.

மதராஸ் டாக்டர் வந்த நாளை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அவர் கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். அசனம் வரைக்கும் ஆறு மாதமாகச் சோறு குறைந்துகொண்டே வருகிறது, எடை ஏறிக்கொண்டே போகிறதே என்றார். மைனியும் அதைத்தான் கேட்கக் காத்திருந்தார். "குறைக்கக் குறைக்க ஏறுது சார். இனியும் குறைக்கணுமா? இதுக்கு மேல குறைச்சா எம்பிள்ள தாங்குமா?" என்று கேட்டார். இது நோயின் அடுத்த கட்டமாக இருக்கலாம், இதுவரை யாரும் எழுதாத விஷயம், இதையும் எழுதி மற்ற டாக்டர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றார் டாக்டர். பேனாவைத் திறந்து நோட்டில் குறிக்கவும் ஆரம்பித்தார்.

காப்பித் தட்டோடு நான் வாசல்படியில் நின்றிருந்தேன். நான் கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த மக்ரூன் ஒரு நோயின் புதுக் கட்டமாக மாறிக்கொண்டிருந்தது. எந்த ஊரிலோ இன்னொரு தாய் அதை நம்பி இன்னொரு பிள்ளையின் சோற்றைக் குறைப்பாள். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எழுதாதீங்க சார், நாந்தான் குடுத்தேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மைனி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆறு மாசமா எம்பிள்ளைய நானே பட்டினி போட்டிருக்கேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். நான் அழுதுகொண்டே, "மன்னிச்சிருங்க மைனி" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் பெறவு. இப்போ தேதி சொல்லு. என்னைக்கு ஆரம்பிச்ச? நாளைக்கு எத்தனை?"

பேனாவை என் கையில் திணித்தார். ஞாபகம் இருந்தவரை ஒவ்வொரு நாளாக நானே அந்தப் பத்தியில் எழுதினேன். ஞாபகம் இல்லாத நாளில் ஞாபகம் இல்லை என்று எழுதச் சொன்னார். டாக்டர் சங்கடப்பட்டு, கெட்டுப்போன அந்த ஆறு மாதத்தை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்கிறேன் என்றார். மைனி ஒத்துக்கொள்ளவில்லை.

"அதையும் எழுதுங்க சார். எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு அத்தை இருப்பா. அது தெரிஞ்சாதான் அந்த வீட்டு அம்மா சோத்தைக் குறைக்க மாட்டா."

டாக்டர் போன பிறகு மைனி ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கங்களைத் திருப்பினார். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். ஏழு மணிக்குப் பாப்பாவுக்குச் சாப்பாட்டு நேரம். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மைனி அடுக்களையைத் திறந்து சோற்றுப் பானையைக் கொண்டுவந்தார். முதல் கரண்டியைத் தட்டில் வைத்தார். பாப்பா இவ்வளவுதான் என்று பழகியிருந்ததால் சாப்பிடக் குனிந்துவிட்டாள். மைனி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி அவளுக்குச் சேர வேண்டியது. ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்தேல்லா, இப்போ எல்லாரும் பாக்க வை."

வைத்தேன். பாப்பா தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், "இது எனக்கா?" என்று கேட்டாள்.